வெள்ளி நகர்கிறதா?

1

இந்த ஆனி மாதம் இரண்டு வார லீவில் ஸ்ரீரங்கம் போய்விட்டுத் திரும்பினேன். கிளம்புகிற நாளில் தெரிந்தவர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பாப்பாவ இங்கயே விட்டுட்டா போறீங்க?" காய்கறிக் கடை வாசலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் வளைகுடாவில் ஒரு கிளினிக்கில் பார்மசிஸ்ட். என் கணவர் செந்தில் பெரிய கட்டடங்களின் ஏசி இயந்திரங்களைப் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். மகள் யாழினி இங்கே கைக்குழந்தையாக வந்தாள். இப்போது நாலாம் வகுப்பு. எந்த நாடு என்று எழுதவில்லை. சண்டை தொடங்கிய அன்றைக்கு வானத்தில் நடந்ததைப் படம் எடுக்கக் கூடாது, யாருக்கும் அனுப்பக் கூடாது என்று எல்லோருடைய போனுக்கும் உத்தரவு வந்தது. எழுதுவதும் அதில் சேருமா என்று யாரிடம் கேட்பது? ஆகவே பெயர் வேண்டாம்.

யாழினிக்கு வானம் என்றால் பைத்தியம். என் போனில் ஒரு ஆப் இறக்கி வைத்திருந்தாள். போனை மேலே காட்டினால் எது எந்த கிரகம் என்று அது சொல்லும். எங்கள் பிளாட்டின் பால்கனிக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் முதுகுதான் தெரியும். அதனால் எப்போது வெளியே போனாலும் அண்ணாந்துகொண்டே நடப்பாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் ரோட்டைக் கடப்பேன்.

குளிர் முடிகிற சமயம். ஒரு விடுமுறை நாள். சாமான் வாங்கிக்கொண்டு நானும் அவளும் சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கிங்குக்கு வந்தோம். சூரியன் இறங்கி, பக்கத்து மசூதியில் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். யாழினி மேற்கே கையை நீட்டி, "அம்மா, வீனஸ்" என்றாள். நான் பார்க்கவில்லை, பைகளை வண்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, ரெண்டு வீனஸ்" என்றாள். அப்போது நிமிர்ந்தேன்.

இரண்டு இல்லை, நாலைந்து இருந்தன. கீழே இருந்து சில ஏறின. மேலே இருந்து சில இறங்கின. சத்தமே இல்லை. அவள் காட்டிய அந்த ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து, பெரிதாகி, வெடித்துச் சிதறியது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. காதில் கேட்ட சத்தம் இல்லை, நெஞ்சில் விழுந்த சத்தம். நின்றிருந்த கார்கள் எல்லாம் ஒன்றாக அலறின. கடையின் செக்யூரிட்டி எங்களை முதுகில் கை வைத்துத் தள்ளி உள்ளே கொண்டுபோனார். பால் பாக்கெட் என் காலடியில் உடைந்து போயிருந்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து யாழினி திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். "அம்மா, நான் பயம் ஆகுது. நான் பயம் ஆகுது."

இங்கே வளரும் பிள்ளைகளின் தமிழ் அப்படித்தான். வேறு நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன்.

2

விமானங்கள் மறுபடி பறக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். திருச்சிக்கு நேர் விமானம் கிடைக்கவில்லை. கொழும்பு சுற்றி வந்தோம். என் அண்ணன் ராஜாவும் அண்ணி வசந்தியும் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு பிளாட்டில் இருக்கிறார்கள். அண்ணன் திருவானைக்கோவிலில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர்கள் மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிப்பதால் ஒரு ரூம் காலியாக இருந்தது. ரெண்டு வாரம் இருக்கட்டும் அண்ணி என்று சொல்லித்தான் விட்டுவிட்டு வந்தேன். இரண்டு வாரம் மாதங்களாக வளர்ந்துவிட்டது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது அண்ணன் பக்கத்து ஸ்கூலில் கேட்டுப் பார்த்தார். டி.சி. வேண்டும் என்றார்கள். இங்கே டி.சி. வாங்கினால் இங்குள்ள சீட் போய்விடும். வாங்காவிட்டால் அங்கே பெயர் ஏறாது. கடைசியில் தலைமை ஆசிரியை, குழந்தை வந்து உட்காரட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். வருகைப் பதிவில் பெயர் இல்லாமல் என் மகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பகலில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் நெருங்கினால் எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுவாள் என்று அண்ணி சொல்வார். மேற்கு ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வாள். மொட்டை மாடிக்குத் துணி எடுக்கக்கூட வரமாட்டாள். அந்தத் தெரு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போவார்கள். ஒரு நாள் சாயங்காலம் வெடி போட்டுக்கொண்டே ஒரு ஊர்வலம் போனது. யாழினி பாத்ரூமுக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டாள். அண்ணி கதவைத் தட்டவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்து, ராத்திரி டிபனுக்கு என்ன செய்யலாம், தோசையா சப்பாத்தியா, தொட்டுக்கத் தக்காளியா தேங்காயா என்று பேசிக்கொண்டே இருந்தாராம். வெடி தூரம் போனபிறகு உள்ளே இருந்து பதில் வந்தது. "தக்காளி. அத்தை, எனக்கு பயமா இருக்கு."

அண்ணி இதைப் போனில் சொன்னபோது, "தமிழ் நல்லா பேசறா பாரு" என்றும் சேர்த்துச் சொன்னார். ஊருக்குப் போய் என் மகள் முதன்முதலாகத் திருத்தமாகக் கற்றுக்கொண்ட வாக்கியம் அது.

3

இங்கே எல்லாம் சீக்கிரமே பழையபடி ஆகிவிட்டது. சண்டை நின்றது என்றார்கள். உடைந்த கண்ணாடிகளை மாற்றினார்கள். ஊருக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து எங்கள் கட்டடத்துக்குக் கீழே சைக்கிள் ஓட்டினார்கள். செந்தில் ஷிப்ட் முடிந்து வந்து பால்கனியில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நானும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். மருந்து எடுத்துக் கொடுத்தேன், எப்போது சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்கள் கூடியிருந்தார்கள். நான் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. ரோட்டில் லாரி ஒரு பள்ளத்தில் இறங்கினால் என் கையில் இருக்கும் டப்பா கீழே விழும். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் மேற்கு வானத்தில் இரண்டு பெரிய வெளிச்சங்கள் தெரிந்தன. கீழே இருந்தது வெள்ளி, மேலே வியாழன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி ஜூனில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கப் போகின்றன, பிறகு பிறையும் வந்து சேரும் என்று என்னோடு வேலை பார்க்கும் ஷீஜா போனில் காட்டினாள். கிளினிக்கில் எல்லோரும் வெளியே போய்ப் படம் எடுத்தார்கள். நான் ஸ்டாக் சரிபார்க்க வேண்டும் என்று உள்ளேயே இருந்துவிட்டேன்.

அவை கிரகங்கள் என்று எனக்குத் தெரியும். என் மகளிடமிருந்தே கற்றுக்கொண்டேன். ஆனால் தெரிந்திருந்தும், நேற்றைவிட இன்று நெருங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு சாயங்காலமும் கண் தானாக அளந்தது. கார் பார்க்கிங்கில் பார்த்தவையும் அப்படித்தான் ஒன்றையொன்று தேடிப் போயின.

இதற்கு நடுவில் விசா விஷயம் வந்தது. இந்த நாட்டில் குடும்ப விசாவில் இருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அனுமதி ரத்தாகிவிடும். ஆகஸ்டு முடிவதற்குள் யாழினி திரும்பி வந்தாக வேண்டும். கூடுதல் அவகாசம் கேட்டுப் பார்க்கலாம் என்று நானும் செந்திலும் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். குழந்தை ஏன் வரவில்லை என்று கேட்டார். என் அரபி மருந்துக்கடை அரபி. காலை, மாலை, சாப்பாட்டுக்கு முன், பின். பயம் என்பதற்கு 'கவ்ஃப்' என்று சொல்ல வேண்டும். நான் பதற்றத்தில் 'கரூஃப்' என்றேன். அப்படியென்றால் செம்மறி ஆடு. என் மகளுக்கு ஆடு இருக்கிறது, வானத்தைப் பார்த்தால் ஆடு வருகிறது என்று நான் விளக்கிக்கொண்டே போயிருக்கிறேன். அவரும் பக்கத்து மேஜைக்காரரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செந்தில் ஆங்கிலத்தில் திருத்தினார். சிரிப்பு நின்றது. பயத்துக்கு ஆஸ்பத்திரி சர்டிபிகேட் வேண்டும், இந்த நாட்டு டாக்டர் குழந்தையைப் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும் என்றார். குழந்தை இங்கே வர பயப்படுகிறது, அதற்கான சர்டிபிகேட்டுக்குக் குழந்தை இங்கே வர வேண்டும். வெளியே வந்து லிஃப்டில் நான் அழுதேன். ஜூனில் நான் போய் அவளை அழைத்து வருவது என்று அன்றைக்கு முடிவானது.

4

நான் பிறந்தது உப்பிலியபுரம். நான் யாழினி வயதில் இருந்தபோது, கிரகங்கள் எல்லாம் ஒன்றுகூடப் போகின்றன, உலகம் அழியப் போகிறது என்று ஒரு வதந்தி வந்தது. ஸ்கூலில் அதே பேச்சு. எங்கள் வகுப்பில் ஒருத்தி, இனிமேல் வீட்டுப்பாடம் எழுத வேண்டியதில்லை என்று நிஜமாகவே எழுதாமல் வந்து அடி வாங்கினாள். குறிப்பிட்ட அந்த நாளில் அப்பா மணப்பாறையிலிருந்து ஒரு பெரிய பை முறுக்கு வாங்கி வந்தார். அழியறதுன்னா மிச்சம் வைக்காம தின்னுட்டு அழிவோம் என்று அவர் சொன்னார். அண்ணனும் நானும் போட்டி போட்டுத் தின்றோம். பச்சைமலைப் பக்கம் இடி இடித்தபோது அண்ணன் என்னைப் பயமுறுத்தினான். நான் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டேன். காலையில் எல்லோருக்கும் வயிற்று வலி மட்டும் வந்தது.

அன்று பட்டதும் பயம்தான். ஆனால் வீட்டில் பெரியவர்கள் யாரும் பயப்படவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. யாழினிக்கு அது கிடைக்கவில்லை. அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

5

திருச்சி ஏர்போர்ட்டுக்கு அண்ணனோடு யாழினியும் வந்திருந்தாள். மதிய நேரம் என்பதால் வந்தாள். உயரமாகியிருந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் அண்ணி கோயிலில் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு. "வாங்க" என்றாள் என்னை. பிறகு அவளே வெட்கப்பட்டு, "வாம்மா" என்று மாற்றிக்கொண்டாள். வழியெல்லாம் அத்தை, மாமா, ஸ்கூலில் பக்கத்தில் உட்காரும் பெண் என்று பேசினாள். உன் ரூம் அப்படியே இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, எந்த ரூம் என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளைக் காணவில்லை. மேற்கு ரூமில் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் விரலை வைத்து அசையாமல் நின்றாள். என்னடா செய்யறே என்று கேட்டேன். பேசாதே என்று கை காட்டினாள். ரொம்ப நேரம் கழித்து மூச்சு விட்டாள்.

"வெள்ளி நகருதான்னு பாத்தேன். கம்பியிலேர்ந்து பொறுமையா கீழ எறங்குச்சுன்னா வெள்ளி. பக்கத்துல போச்சுன்னா ஓடணும்."

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, யாரும் இல்லை, தானே கண்டுபிடித்தது என்றாள். தினமும் பார்க்கிறாயா என்று கேட்டேன். தினமும்தான், அத்தை டிவி பார்க்கும்போது என்றாள். பார்க்காமல் திரையை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் பயமாக இருக்கிறதாம். ஒன்பது வயதுப் பிள்ளை இருட்டில் தனியாக நின்று வானத்துக்குக் காவல் இருந்திருக்கிறாள்; இது அண்ணிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் மேகம். மூன்றாம் நாள் காற்றடித்து வானம் சுத்தமானது. அன்றைக்குப் பிறையும் கிரகங்களும் சேர்ந்து தெரியும் என்று அந்த அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். அதே குரூப்பில், இந்தச் சேர்க்கை எந்தெந்த ராசிக்கு ஆகாது என்று இன்னொருவர் போட்டிருந்தார். அண்ணி அதைப் படித்துவிட்டு யாழினியின் ராசி அதில் இல்லை என்று நிம்மதியானார். என் ராசி இருந்ததைச் சொல்லவில்லை. பிறகு நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மாடிக்குப் போகலாமா என்று அண்ணன் பொதுவாகக் கேட்டார். யாழினி என்னைப் பார்த்தாள். "நீ வந்தா வரேன்" என்றாள். அவளுக்காகச் சரி என்றேன். படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தெற்கே கோபுர விளக்குகள் போட்டிருந்தார்கள். மேற்கே தென்னைமரங்களுக்கு அப்பால் கொள்ளிடத்து மணல் வெளுத்துக் கிடந்தது. அதற்கு மேலே சின்னப் பிறை, அதன் பக்கத்தில் வெள்ளி, கொஞ்சம் கீழே வியாழன். இன்னும் தாழ்வாக மங்கலாக ஒரு புள்ளியைக் காட்டி அது புதன் என்று ஒருவர் சொன்னார். காற்றில் கொடியில் கிடந்த துணிகள் படபடத்தன. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

யாழினி தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கண்ணை மூடினாள். கம்பி இல்லாததால் துணிக்கொடி கட்டிய கம்பத்தை வைத்துப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நகரல" என்றாள். பிறகு மறு கண்ணையும் திறந்தாள். இரண்டு கண்ணாலும் அவள் அந்த வானத்தைப் பார்த்தாள். நிலா எவ்ளோ சின்னதா இருக்கு பாரும்மா என்று சொல்லிச் சிரித்தாள். துப்பட்டாவை விட்டுவிட்டு ஓரடி முன்னால் போனாள்.

அப்போது வெள்ளிக்கு இடப்பக்கம் இன்னொரு வெளிச்சம் தெரிந்தது. முதலில் அது இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதானது. சத்தம் இல்லை. நேராக எங்களை நோக்கி வந்தது.

நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். யாழினியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். தொட்டிக்குப் பின்னால் அவளைத் தள்ளி அவள் மேலே விழுந்தேன். உள்ள போங்க, எல்லாரும் உள்ள போங்க என்று கத்தினேன். நடுவில் என்ன மொழியில் கத்தினேன் என்று தெரியவில்லை. என் வாய்க்குள் சிமெண்ட் தூசி இருந்தது. சத்தம் வரும், இப்போது வரும் என்று காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன்.

எனக்கு அடியிலிருந்து யாழினியின் குரல் வந்தது. நிதானமான குரல்.

"அம்மா, ப்ளேன்மா. லேண்டிங் லைட் போட்டுட்டு வருது. ஏர்போர்ட்டுக்குப் போகுதும்மா."

விமானம் சிவப்பு விளக்கு மின்ன எங்களைக் கடந்து தெற்கே திரும்பியது. மாடியில் யாருடைய கைக்குழந்தையோ அழுதது. அண்ணன் ஓடி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார். பிரயாண அலுப்பு, மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை, தலைசுற்றல் என்று மற்றவர்களிடம் சொன்னார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். எனக்குப் பல் கிட்டிப்போயிருந்தது, குடிக்க முடியவில்லை.

யாழினியின் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். "நாளைக்கு டிபனுக்கு என்ன செய்யலாம்னு சொல்லும்மா. தோசையா, சப்பாத்தியா?"

6

மறுநாள் காலையில் சமையலறையில் அவள் அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தது ஹாலில் இருந்த எனக்குக் கேட்டது. தான் அம்மாவோடு போவதாகச் சொன்னாள். பயமா இல்லையா என்று அண்ணி கேட்டார். இருக்கு என்றாள். அப்புறம் ஏன் என்று அண்ணி கேட்டார்.

"அங்க அம்மாவுக்கு ப்ளேன்னு சொல்றதுக்கு ஆள் இல்ல அத்தை."

நான் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். கார் பார்க்கிங்கில் பயந்தேன், மாடியில் பயந்தேன். அவற்றையெல்லாம்விட அந்த ஒரு வாக்கியம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவளை அழைத்துப் போனால் என்ன நடக்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்கூல் விட்டு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் வேலையிலிருந்து வரும்வரை ஜன்னலில் நிற்பாள். அவளுடைய பயத்தைத் தனியாக வைத்துவிட்டு என்னுடையதைத் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

செந்திலிடம் போனில் சொன்னேன். முதலில் அவர் கேட்கவில்லை. அவளே வருகிறேன் என்கிறாள், கூட்டிக்கொண்டு வருவதுதானே, விசா போனால் மறுபடி எடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்றார். எதிர் வீட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், கீழ் வீட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், நம் வீட்டில் மட்டும் சத்தம் இல்லை என்றார். அவர் சொன்னதில் எதுவும் தப்பில்லை.

"அவ நம்மகூட இருக்கணும்னு வரலைங்க. என்னைப் பாத்துக்க வரேங்கறா. அதுக்காக அவ வரக்கூடாது" என்றேன்.

பிறகு அவர், அவளுடைய ஸ்கூல் ஷூ இங்கே இரண்டு ஜோடி இருக்கிறது, இனி அளவு பத்தாது, யாருக்காவது கொடுத்துவிடவா என்று கேட்டார். சரி என்று சொல்கிற விதம் அவருக்கு அது.

நீங்களும் வந்துவிடலாமே என்று அண்ணன் கேட்டார். செந்திலின் கான்ட்ராக்ட் அடுத்த வருஷம் வரை இருக்கிறது. என் கிளினிக்கும் விடாது. வந்து என்ன செய்வது என்பதற்கும் எங்களிடம் பதில் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். விசா முடியட்டும், டி.சி. வாங்கி அனுப்புகிறேன், பெயரைப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் இருந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

யாழினியிடம் சொன்னபோது அவள் அழவில்லை, கோபப்பட்டாள். உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா என்றாள். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ஏர்போர்ட்டில்தான் வாயைத் திறந்தாள். எங்களுக்கு முதலில் இருட்டுகிறது, உனக்கு அப்புறம்தான் இருட்டும், அதே வெள்ளிதான் இங்கேயிருந்து உன் ஊருக்கு வருகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"நான் பாத்துட்டு போன் பண்றேன். அதுக்கப்புறம் நீ வெளிய போ."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இதற்காகத்தான் அவளை விட்டுவிட்டு வருகிறேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது சரி என்றுதான் சொன்னேன்.

7

திரும்பி வந்தேன். வருவது நான் மட்டும்தான் என்று தெரிந்தும் செந்தில் ஏர்போர்ட்டில் என் பின்னால் ஒரு தரம் பார்த்தார்.

அன்றிலிருந்து தினமும் போன் வந்தது. எனக்கு அப்போது நல்ல வெயில். மருந்து கவுண்டரில் கூட்டம் இருக்கும். வரிசையில் நிற்பவர்களிடம் ஒரு நிமிஷம் என்று கை காட்டிவிட்டு எடுப்பேன். நகரல, நீ போகலாம் என்பாள். வியாழன் ஒவ்வொரு நாளும் இறங்கி ஒரு நாள் தெரியாமல் போனது, அதையும் சொன்னாள். வெள்ளி மட்டும் இருக்கு என்றாள். மேகமாக இருந்தால், தெரியலம்மா, ஜாக்கிரதையா போ என்பாள். அந்த நாட்களில் ஷீஜாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டுக்கு இறங்கினேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

போகப்போகப் பேச்சு சுருங்கியது. மூச்சிரைக்க ஓடி வந்து, "நகரல, வைக்கறேன்" என்று வைத்துவிடுவாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்கும்.

போன வாரம் ஒரு நாள் போன் வரவில்லை. வழக்கமாகப் போன் வரும் நாலரை மணி தாண்டி ஐந்தரை ஆனது. ஒரு சீட்டுக்கு மருந்தை மாற்றி எடுத்து, கடைசி நிமிஷத்தில் கவனித்துத் திருப்பி வைத்தேன். அண்ணன் போன் எடுக்கவில்லை. அண்ணி எடுக்கவில்லை. ஜன்னலில் நின்ற பிள்ளை எதையோ பார்த்துவிட்டது என்றுதான் மனம் போனது. அங்கே பார்க்க எதுவும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுபடியும் அண்ணியின் நம்பரை அழுத்தினேன்.

வெளியே இருட்டிய பிறகு அண்ணி கூப்பிட்டார். கீழ் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள், எல்லோரும் மாடியில்தான் இருக்கிறோம், பாட்டுச் சத்தத்தில் போன் கேட்கவில்லை என்றார். மாடியிலா என்று கேட்டேன். ஆமாம், பலூன் கட்டி, பிள்ளைகள் எல்லாம் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

"யாழினிய கூப்பிடட்டுமா? ஏதாவது சொல்லணுமா?"

"வேண்டாம் அண்ணி. விளையாடட்டும்" என்றேன்.

அவள் மறந்துவிட்டாள். இருட்டில், மொட்டை மாடியில், தலைக்கு மேலே திறந்த வானத்தோடு நின்றுகொண்டு அதைப் பார்க்க மறந்துவிட்டாள். இதைவிட நல்ல செய்தி எனக்கு வேறு வராது. போனைப் பைக்குள் வைத்தேன், வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினேன். ஷீஜா அன்று லீவு.

கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பூட்ட வந்த ஆள் ஏதாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கதவைத் தள்ளினேன். வெளியே இன்னும் சூடாக இருந்தது.

மேலே பார்த்தேனா என்று கேட்காதீர்கள். தரையைப் பார்த்தபடியே வீடு வரைக்கும் நடந்தேன்.